ஏழு இடங்கள் மக்களுக்கு, தலைவரைத் தேர்வது அமைச்சர்: நியூசிலாந்தின் சுகாதார வாரியத் தேர்தல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், நியூசிலாந்தில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது என்றும் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். சுகாதார ஆய்வாளராக முப்பதாண்டுகளுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று, கொசுப்புழு ஒழிப்பு முதல் குடிநீரில் குளோரின் அளவு பார்ப்பது வரை எல்லாப் பணிகளையும் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், மக்களுக்குத் தெரியாமல் மக்களுடைய உடல்நலத்தைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகள் எப்படிப் பாழாகும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தந்த எடுத்துக்காட்டில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நியூசிலாந்தில் சுகாதார வாரியத் தேர்தல் கடைசியாக நடந்தது 2019 அக்டோபர் 12ஆம் நாள். அந்த வாரியங்களே 2022 ஜூலை 1ஆம் நாள் கலைக்கப்பட்டுவிட்டன. அந்தக் கடைசித் தேர்தலின்போது ஆக்லாந்தில் இருக்கும் என் மகளின் வீட்டில் நான் தங்கியிருந்தேன். அந்தத் தேர்தல் எப்படி நடந்தது, ஏன் நின்றுபோனது என்பதை விரிவாக எழுதுவது, நம் ஊரில் இப்படியொரு கோரிக்கையை முன்வைப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மருத்துவமனையை நடத்துவோரை மக்கள் தேர்ந்தெடுப்பது அந்நாட்டுக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்திலிருந்தே மருத்துவமனை வாரியங்களின் உறுப்பினர்களை அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். 1980களில் அவை வட்டாரச் சுகாதார வாரியங்களாக மாற்றப்பட்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பதினான்கு வாரியங்கள் இருந்தன. 1991இல் அன்றைய தேசியக் கட்சி அரசு, நிதிநிலை அறிக்கையை வெளியிட்டபோதே அந்த வாரியங்களைக் கலைத்து, அவற்றின் இடத்தில் ஆணையர்களை அமர்த்தியது. 1993இல் மருத்துவமனைகள் இருபத்து மூன்று அரசு நிறுவனங்களாக, வணிக நிறுவனங்களின் சாயலில், நியமிக்கப்பட்ட இயக்குநர்களின் கீழ் கொண்டுவரப்பட்டன. இதற்கிடையே 1992இல் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து தங்குவதற்கே கட்டணம் விதித்தார்கள். மக்கள் பலர் கட்ட மறுத்தார்கள், எதிர்ப்பு வலுத்தது, மறு ஆண்டே அந்தக் கட்டணம் கைவிடப்பட்டது. இந்தக் கசப்புத்தான் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தது என்பது என் கணிப்பு. 1999இல் ஆட்சிக்கு வந்த ஹெலன் கிளார்க்கின் தொழிற்கட்சி அரசு, 2000ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார, ஊனமுற்றோர் சட்டத்தின் வழியே இருபத்தொரு மாவட்ட சுகாதார வாரியங்களை உருவாக்கியது. அவை 2001 ஜனவரியில் செயல்படத் தொடங்கின. அவ்வாண்டு அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தது. 2010இல் தெற்குத் தீவின் ஒட்டாகோ, சவுத்லாந்து வாரியங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டபின் எண்ணிக்கை இருபதானது.

ஒவ்வொரு வாரியத்திலும் அதிகபட்சம் பதினோரு உறுப்பினர்கள் இருக்கலாம் என்பது அன்றைய விதி. அவர்களில் ஏழு பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு பேர் வரை சுகாதார அமைச்சர் நியமித்தார். தலைவரையும் துணைத் தலைவரையும் குறிப்பிட்டதும் அமைச்சரே. வாரியத்தில் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்றும், அந்தப் பகுதியில் அவர்களுடைய மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் இடம் கிடைக்க அமைச்சர் முயல வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. தேர்தலில் போதிய மாவோரி உறுப்பினர்கள் வராத இடங்களில், நியமன இடங்களைக் கொண்டு அந்தக் குறையை ஈடுசெய்தார்கள். நியமனம் என்றாலே தீது என்று நினைத்திருந்த எனக்கு, பெரும்பான்மை வாக்கில் அடிபட்டுப்போகும் ஒரு மக்கள் கூட்டத்தின் குரலை உள்ளே கொண்டுவர நியமனமும் ஒரு வழியாக இருக்கலாம் என்று அங்கேதான் புரிந்தது.

இனி, என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, அக்டோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையன்று நடக்கும் உள்ளாட்சித் தேர்தலோடு சேர்த்தே சுகாதார வாரியத் தேர்தலும் நடந்தது. வாக்குச்சாவடி கிடையாது. வரிசையில் நிற்க வேண்டியதில்லை, விரலில் மை வைப்பதும் இல்லை. தேர்தல் நாளுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒவ்வொரு வாக்காளரின் பெயருக்கும் ஓர் உறை அஞ்சலில் வந்துசேரும். என் மகள் குடியுரிமை பெற்றவள் அல்லள். வசிப்புரிமை மட்டுமே பெற்றிருந்தாள். ஆனாலும் அந்நாட்டில் வசிப்புரிமையுடன் தொடர்ந்து ஓராண்டு வாழ்ந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெறலாம் என்பது சட்டம். ஆகவே அவள் பெயருக்கும் ஓர் உறை வந்தது. அதனுள் மேயர், மாநகர உறுப்பினர், உள்ளூர்க் குழு ஆகியோருக்கான வாக்குச்சீட்டும், சுகாதார வாரியத்துக்கான வாக்குச்சீட்டும், வேட்பாளர்களைப் பற்றிய ஒரு கையேடும், பதில் அனுப்ப அஞ்சல் தலை ஒட்டத் தேவையில்லாத ஓர் உறையும் இருந்தன. தேர்தல் நாளன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் அது தேர்தல் அலுவலரிடம் சேர்ந்துவிட வேண்டும்.

அந்தக் கையேடு இன்னமும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு சிறு புகைப்படத்தையும், தன்னைப் பற்றி 150 சொற்களுக்கு மிகாத ஒரு குறிப்பையும் தரலாம். சிலர் உள்ளூர் அணிகளின் பெயரில் நின்றார்கள். பலர் சுயேச்சைகள். இவற்றைவிட என்னை வியக்க வைத்தது வேறொன்று. சுகாதார வாரியத்துக்குப் போட்டியிடுபவர், வேட்புமனுவோடு தன் நலன் முரண்பாடுகளையும் எழுத்தில் தர வேண்டியிருந்தது. வாரியத்துக்கு மருந்தோ கருவியோ விற்கும் நிறுவனத்தில் பங்கு இருக்கிறதா, வாரியத்திடம் நிதி பெறும் முதியோர் இல்லத்தில் பொறுப்பு வகிக்கிறாரா, மனைவியோ கணவரோ அங்கே பணிபுரிகிறாரா என்பவை அதில் வரும். அது அச்சாகி வாக்காளரின் கைக்கே வந்துசேரும். வாக்களிக்கும் முன்பே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இன்னாருக்கு இன்ன இடத்தில் இன்ன நலன் இருக்கிறது என்று ஒரு சாதாரணக் குடிமகள் படிக்க முடிகிறது. அன்று இரவு என் மகள் ஒரு கையில் பேனாவும் மறு கையில் கையேடுமாக, ஒவ்வொருவரின் குறிப்புக்கும் எதிரில் இருந்த அந்த அறிக்கையை முதலில் படித்துவிட்டே அவர்களின் வாக்குறுதிகளைப் படித்தாள். ஏம்மா தலைகீழாகப் படிக்கிறாய் என்று கேட்டேன். "வாக்குறுதி எல்லாரும் ஒரே மாதிரிதாம்ப்பா எழுதுறாங்க, இதுலதான் வித்தியாசம் தெரியுது" என்றாள்.

மேயருக்கும் மாநகர உறுப்பினருக்கும் ஆக்லாந்தில் டிக் குறியிட்டால் போதும். சுகாதார வாரியத்துக்கோ 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டியிருந்தது. 2001இல் நடந்த முதல் தேர்தல் நம் ஊர் முறையைப் போல அதிக வாக்கு பெற்றவர் வென்ற தேர்தல். 2004 முதல் நாடு முழுவதும் எல்லாச் சுகாதார வாரியங்களுக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறை கட்டாயமானது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சிரமம் இருக்காது. மாநிலங்களவைக்கு ஆறு இடங்கள் காலியாகும்போதெல்லாம் ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க 34 எம்.எல்.ஏ.க்களின் ஆதரவு தேவை என்று தங்கள் நாளிதழே எழுதுகிறதே, அது இதே முறையின் கணக்குத்தான். 234 பேரை ஆறுடன் ஒன்று சேர்த்து ஏழால் வகுத்தால் 33 சொச்சம் வரும், அதைத் தாண்டியவர் வென்றார்.

நியூசிலாந்து வாரியத்தில் ஏழு இடங்கள். ஆகவே செல்லுபடியான வாக்குகளை எட்டால் வகுப்பார்கள். எடுத்துக்காட்டாக எண்பதாயிரம் செல்லுபடியான வாக்குகள் இருந்தால், பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியவர் வெற்றிபெறுவார். ஒருவர் முதல் விருப்ப வாக்காகவே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேவைப்படாத இரண்டாயிரத்து ஐந்நூறு வாக்குகள் வீணாகக் கூடாது. ஆனால் எந்த இரண்டாயிரத்து ஐந்நூறு பேருடைய வாக்கு மிகுதி என்று எப்படிப் பிரிப்பது? அதனால் அவருக்கு விழுந்த ஒவ்வொரு வாக்கிலும் ஐந்தில் நான்கு பங்கை அவரிடமே நிறுத்திவிட்டு, ஐந்தில் ஒரு பங்கை அந்தந்த வாக்காளர் இரண்டாவதாக எழுதியவருக்கு அனுப்புகிறார்கள். யாரும் அளவைத் தொடாத சுற்றில், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். ஒருவர் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் எண் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால், அவர்கள் அனைவரும் வெளியேறியபின் அந்த வாக்கு யாரிடமும் போகாது. அப்படிப்பட்ட வாக்குகள் சேரச் சேர வெற்றிக்குத் தேவையான அளவையும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கணக்கிட்டுக் குறைக்கிறார்கள். இவ்வளவையும் கையால் செய்ய இயலாது. கணினி நிரல்தான் செய்கிறது.

இதில் சாதாரண மக்கள் சறுக்கும் இடங்கள் உண்டு. 1 என்ற எண்ணை இரண்டு பேருக்கு எழுதினால் அந்த வாக்கே செல்லாது. 1, 2 எழுதி 3ஐ விட்டுவிட்டு 4 எழுதினால், முதல் இரண்டு விருப்பங்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். ஒரே உறையில் ஒரு சீட்டுக்கு டிக்கும் மறு சீட்டுக்கு எண்ணுமாக இரண்டு முறைகள் வந்ததால் பலர் குழம்பியதில் வியப்பில்லை. 2004இல் இந்த முறையை முதன்முதலாகக் கையாண்டபோது, எண்ணும் பணியில் ஏற்பட்ட கோளாறுகளால் பல இடங்களில் முடிவு வெகுவாகத் தாமதமாகி, நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரிக்கும் அளவுக்குப் போனது. ஆனால் முறை கடினமானது என்பதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே அணியோ ஒரே வட்டாரமோ ஏழு இடங்களையும் வாரிச் சுருட்டாமல், சிறு குழுவினரும் தங்கள் ஆளை உள்ளே அனுப்ப வழி செய்தது அது.

என் மகள் எழுதிக்கொண்டே வந்து ஐந்தாவது எண்ணோடு நிறுத்தினாள். பேனாவை வைத்துவிட்டு என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்துக்கே அடிப்படை. "இவங்க ஜெயிச்சு வந்தா, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கிற வரிசையைக் குறைக்க இவங்களால முடியுமாப்பா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் அங்கிருந்த நாட்களில் சட்டத்தையும் வாரியங்களின் அறிக்கைகளையும் தேடிப் படித்து, பதிலைத் தெரிந்துகொண்டேன்.

முடியாது என்று ஒரேயடியாகச் சொல்ல இயலாது. அந்நாட்டு அரசு சுகாதாரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வாரியங்களின் வழியாகவே சென்றது. மருத்துவமனை, குடும்ப மருத்துவர், முதியோர் பராமரிப்பு, மனநலச் சேவை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு காசைக்கூட வாரியம் தானாக வரி போட்டுத் திரட்ட முடியாது. மாநகர மன்றமாவது சொத்து வரியை உயர்த்திவிட்டு, அதற்காக மூன்றாண்டு கழித்து மக்களிடம் பதில் சொல்லும். சுகாதார வாரியத்துக்கோ மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்ட ஒரு சூத்திரத்தின்படி தலைநகரிலிருந்து பணம் வரும். அதற்குள் செலவை அடக்க வேண்டும். ஆண்டுத் திட்டத்துக்கு அமைச்சர் ஒப்புதல் தர வேண்டும். அரசின் கொள்கையை நிறைவேற்றுவது வாரியத்தின் சட்டக் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது அமைச்சருக்கே. மக்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள், அவர் கணக்கு ஒப்படைப்பதோ மேலே இருப்பவரிடம். கடைசி ஆண்டுகளில் பெரும்பாலான வாரியங்கள் பற்றாக்குறையில் ஓடின. அதற்கு வாரியத்தைக் குறை சொல்வதா, ஒதுக்கிய தொகையைக் குறை சொல்வதா என்று அமைச்சகமும் வாரியங்களும் ஒருவர்மீது ஒருவர் விரல் நீட்டிக்கொண்டிருந்தனர்.

அமைச்சருக்கு வாரியத்தையே கலைக்கும் அதிகாரமும் இருந்தது. அது வெறும் ஏட்டில் மட்டும் இருந்த அதிகாரமன்று. 2007 அக்டோபரில் ஹாக்ஸ் பே என்ற பகுதியின் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தை, 2008 பிப்ரவரியில், அதாவது ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், அன்றைய அமைச்சர் டேவிட் கன்லிஃப் நீக்கிவிட்டு ஆணையரை அமர்த்தினார். அப்பகுதி மக்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அவ்வாண்டு இறுதியில் ஆட்சி மாறியபின், அடுத்த அமைச்சர் டோனி ரியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மீண்டும் இடம் தந்தார். ஒட்டாகோ, சவுத்லாந்து இணைந்து உருவான தெற்கு வாரியம் 2015 ஜூனில் கலைக்கப்பட்டு, 2016இல் அங்கே தேர்தலே நடக்கவில்லை. அந்த மக்கள் 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைகாட்டோ வாரியம் 2019 மே மாதம் நீக்கப்பட்டது. ஆகவே நான் பார்த்த அந்தக் கடைசித் தேர்தலில் இருபது வாரியங்களில் பத்தொன்பதுக்கு மட்டுமே வாக்குப்பதிவு நடந்தது. இந்த நீக்கங்களில் சிலவற்றுக்கு வலுவான காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். நிர்வாகத்தில் குளறுபடியும் பணத்தில் பற்றாக்குறையும் இருந்தன. ஆனால் ஒரு நகராட்சியைக் கலைத்தால் அடுத்த தேர்தல் எப்போது என்று கேட்பதற்கு மக்களுக்கு வாய் இருக்கும். இங்கே அந்தக் கேள்விக்குக்கூட விடை அமைச்சரின் கையில் இருந்தது.

இவ்வளவு குறைகளையும் அடுக்கியபின், அந்தத் தேர்தல் வீண் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அதை மறுக்கும் ஒரு காட்சியை நான் நேரில் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம், ஒரு வாரியத்தின் கூட்டத்துக்கு மருமகனுடன் சென்றிருந்தேன். வாரியக் கூட்டங்களும், சட்டப்படி அமைந்த ஆலோசனைக் குழுக்களின் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவையாக இருந்தன. வாசலில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் அடங்கிய கனத்த கட்டு மேசையில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தோம். காத்திருப்போர் எண்ணிக்கை, அவசரப் பிரிவில் ஆறு மணி நேரத்துக்குள் பார்க்கப்பட்டவர்களின் விழுக்காடு, அந்த மாதச் செலவு எல்லாம் அட்டவணையாக அதில் இருந்தன. வயதான ஓர் உறுப்பினர், வெளிநோயாளிகள் குறித்த நேரத்தில் வராமல் போவதைப் பற்றிய பக்கத்தை எடுத்து, வராதவர்களில் எத்தனை பேருக்குப் பேருந்து வசதி இல்லை என்று யாராவது கேட்டீர்களா என்று நிதானமாகக் கேட்டார். அதிகாரிகளிடம் விடை இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் விடை தருவதாகக் குறித்துக்கொண்டார்கள். பின்னர் ஊழியர் தொடர்பான ஒரு பொருளுக்காகப் பொதுமக்களை வெளியேறச் சொன்னார்கள். அதற்கும் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு தீர்மானம் வாசித்து நிறைவேற்றிய பிறகே எங்களை எழச் சொன்னார்கள். என் பணிக்காலம் முழுவதும் எத்தனையோ ஆய்வுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மருத்துவமனை அதிகாரியைப் பார்த்து, அவருக்கு மேலதிகாரி அல்லாத ஒருவர், ஊர்க்காரர் ஒருவர், பொதுமக்கள் முன்னிலையில் இப்படிக் கேட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வாக்குப்பதிவு குறைவு என்பதுதான் இந்தத் தேர்தல்களுக்கு எதிராக எப்போதும் சொல்லப்பட்ட காரணம். கடைசித் தேர்தல்களில் நூற்றுக்கு நாற்பதைச் சுற்றியே வாக்களித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே உறையில் வந்த மாநகரத் தேர்தலிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வாக்குகள் பதிவாயின. அதற்காக மாநகர மன்றத்தை யாரும் கலைக்கவில்லை. ஸ்காட்லாந்து இதைவிடக் குறைந்த வாக்குப்பதிவைக் கண்டது. அங்கே 2009இல் சட்டம் இயற்றி, ஃபைஃப், டம்ஃப்ரீஸ்-கேலோவே ஆகிய இரண்டு சுகாதார வாரியங்களுக்கு மட்டும் சோதனை முறையில் 2010 ஜூனில் தேர்தல் நடத்தினார்கள். பதினாறு வயதினருக்கும் வாக்குரிமை தந்தார்கள். போட்டியிட்டவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் டம்ஃப்ரீஸில் ஏறத்தாழ 23 விழுக்காடும் ஃபைஃபில் 14 விழுக்காடும்தான் வாக்களித்தார்கள். சோதனைக் காலம் முடிந்ததும் நாடு முழுவதும் விரிவாக்காமல் கைவிட்டுவிட்டார்கள். பெயர் தெரியாத பலரை, செய்தித்தாளும் சரியாக எழுதாத ஒரு பதவிக்கு, அந்தப் பதவியால் என்ன செய்ய முடியும் என்றும் விளக்காமல், வரிசைப்படுத்து என்று சொன்னால் மக்கள் உறையைத் திறக்காமலே வைத்துவிடுவார்கள். அது மக்களின் அலட்சியம் என்று நான் எண்ணவில்லை. என் மகள் கேட்ட கேள்வியை அவர்களும் தமக்குள் கேட்டிருப்பார்கள்.

2020 ஜூனில் வெளியான ஹெதர் சிம்ப்சன் தலைமையில் அரசு அமைத்த சுகாதாரத் துறை ஆய்வுக் குழுவின் அறிக்கை, வாரியங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும், தேர்தலை நிறுத்தி உறுப்பினர்கள் அனைவரையும் நியமிக்கவும் பரிந்துரைத்தது. அரசு அதையும் தாண்டியது. 2021 ஏப்ரலில் அமைச்சர் ஆண்ட்ரூ லிட்டில், இருபது வாரியங்களையும் கலைத்து ஒரே தேசிய அமைப்பை உருவாக்கப்போவதாக அறிவித்தார். ஓர் ஊரில் கிடைக்கும் சிகிச்சை பக்கத்து ஊரில் கிடைப்பதில்லை, ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்களுக்கு இருபது நிர்வாகங்கள் தேவையில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. 2022 ஜூலையில் புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் நிர்வாகக் குழுவை அமைச்சரே நியமித்தார். 2024 ஜூலையில் அந்தக் குழுவும் அகற்றப்பட்டு, லெஸ்டர் லீவி ஒற்றை ஆணையராக அமர்த்தப்பட்டார். அவர் முன்னாளில் ஆக்லாந்து வட்டாரத்தின் மூன்று வாரியங்களுக்கும் ஒரே காலத்தில் நியமனத் தலைவராக இருந்தவர். 2022 அக்டோபரில் மகள் தொலைபேசியில் பேசும்போது, தேர்தல் உறை வந்துவிட்டதாகவும், இம்முறை அதில் எண் எழுத வேண்டிய அந்தச் சீட்டு இல்லை என்றும் சொன்னாள். காத்திருப்போர் வரிசை அப்படியே இருக்கிறது என்றும் சொன்னாள்.

ஆகவே, அந்த வாசகரிடமும், அவரைப் போல எண்ணும் மற்றவர்களிடமும் என் வேண்டுகோள் இதுதான். தேர்தல் வேண்டும் என்று கேட்பதற்கு முன்பு, தேர்ந்தெடுக்கப்படுபவர் எதன்மீது கையெழுத்திடுவார் என்று கேளுங்கள். தலைவரைக் குழு தேர்ந்தெடுக்குமா, மேலிருந்து அனுப்புவார்களா என்பதையும், குழுவைக் கலைத்தால் எத்தனை நாட்களுக்குள் மறுதேர்தல் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். நம் அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில், 23ஆவது இனமாக, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட சுகாதாரம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கேரளம் 1990களின் நடுவிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் விட்டது. தமிழ்நாட்டில் அவை இன்றும் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழேதான் இருக்கின்றன. அந்த இயக்ககம் திறமையானது என்பதை அதில் பணியாற்றிய நான் பெருமையோடு சொல்வேன். 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. ஆனால் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு இருபத்தேழு மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனபோது, ஊராட்சித் தலைவரின் தலைமையில் இயங்க வேண்டிய கிராமச் சுகாதாரக் குழுக்களும் தலையில்லாமல் நின்றன. இருக்கும் தேர்தலையே காலத்தில் நடத்தாமல், புதிய தேர்தலைப் பற்றிப் பேசுவது எப்படி?

அந்தக் குழுக்கள் முன்பும் எப்படி நடந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தின் இறுதியில், ஓர் ஊரில் குழுக் கூட்டம் நடந்த நாளென்று பதிவாகியிருந்த அதே நாளில் நான் அந்த ஊரில்தான் இருந்தேன். கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அடுத்த வாரம் நடவடிக்கைக் குறிப்பேடு மட்டும் ஒரு மஞ்சள் பையில் வீடு வீடாகக் கையெழுத்துக்குப் போனது. வயலிலிருந்து வந்த ஓர் அம்மா, என்ன ஏது என்று கேட்காமல், சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டார். அவர் அந்தக் குழுவின் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியாது. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது.

தேர்தல் வரும் நாளில் வரட்டும். அதுவரை, சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாத ஒன்றை மாவட்ட நிர்வாகங்கள் உடனே செய்யலாம். ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கமும், ஒவ்வொரு கிராமச் சுகாதாரக் குழுவும் தங்கள் கூட்ட நாள், நிகழ்ச்சி நிரல், உறுப்பினர்களின் பெயர், அவர்களுக்கு அந்த மருத்துவமனையோடு ஒப்பந்தமோ வணிகமோ இருந்தால் அதன் விவரம், செலவுக் கணக்கு ஆகியவற்றைப் புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்தின் அருகிலேயே தமிழில் ஒட்டி வைக்க வேண்டும். கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்தியாளர்கள், தத்தம் ஊர் மருத்துவமனையின் சங்கம் கடைசியாக எப்போது கூடியது, யார் யார் வந்திருந்தார்கள் என்று ஒருமுறை கேட்டு வெளியிட்டால், நானும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பணியாளர்களும் அடுத்த கூட்டத்துக்குப் போய் உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.